101 வீதியோரத்து விமானத்தளமும் எங்கட பலாலியும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நான் ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். தொழிற்சாலையில் இரவு வேலை. பேச்சாளன் இல்லை. சங்கத்தில் கேட்டதால் நான் தேடி அறிந்த ஒரு விசயத்தைச் சொல்லுகிறேன்.

சான்டா கிளாராவில் இருந்து 101 வீதியால் மவுண்டன் வியூப் பக்கம் போகேக்க வலது கைப் பக்கம் மலை மாதிரி ஒரு கொட்டகை தெரியும். ஒருநாள் என்ர மகள், "அப்பா, உதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியேல்லை. வெட்கமாய்ப் போச்சு. நூலகத்துக்குப் போய்த் தேடி வாசித்தேன்.

அது மொபெற் விமானத்தளம். அமெரிக்கக் கடற்படை தன் ராட்சத ஆகாயக் கப்பல்களுக்கு இடம் தேடியபோது, இந்தப் பகுதிச் சனம் வேலை வரும் என்று நம்பிச் சுமார் 480,000 டொலர் சேர்த்து, 1,000 ஏக்கர் காணி வாங்கி, 1931இல் அரசாங்கத்துக்கு வெறும் 1 டொலருக்குக் கொடுத்தது. 1933 ஏப்ரல் 12இல், எங்கட புத்தாண்டுக்குக் கிட்ட, தளம் திறக்கப்பட்டது. கொட்டகை 1,133 அடி நீளம், 198 அடி உயரம். அதற்குள் நின்ற 'மேக்கன்' ஆகாயக் கப்பல் 785 அடி. 1935 பெப்ரவரியில் அது கடலில் விழுந்து அழிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் சிறிய ஆகாயக் கப்பல்கள் இங்கிருந்து பறந்து யப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடின. 1994 யூலையில் கடற்படை தளத்தை மூடிவிட்டுப் போனது. இடம் நாசாவின் கைக்கு வந்தது. வெளித்தகட்டில் நஞ்சு இருந்ததால் 2011இல் அதை உரிக்கத் தொடங்கினார்கள். கொட்டகை கனகாலம் எலும்புக்கூடாய் நின்றது. 2014இல் கூகுளின் துணைக் கம்பனி 60 வருடக் குத்தகைக்கு எடுத்தது.

இந்தக் காணி அதற்கு முதல் ஆருடையது? ஓலோனி என்ற ஆதிக்குடியைச் சேர்ந்த லோப்பே இனிகோ என்பவருக்கு மெக்சிக்கோ ஆட்சி 1844இல் இதை எழுதிக் கொடுத்திருக்கிறது. பிறகு காணி கைமாறிப் போனது. ஆனால் உறுதி எழுதப்பட்டதால், 180 வருடத்துக்குப் பிறகும் ஒரு தமிழ் அகதிக்கு அவருடைய பெயர் தெரிய வந்தது.

இதை வாசிக்கேக்க எனக்குப் பலாலி ஞாபகம் வந்தது. அதுவும் இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேய விமானப்படை எங்கட செம்மண்ணில் போட்ட தளம். யுத்தம் முடிந்து, 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் அங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. எனக்கு ஒரு வயது. அம்மம்மா என்னைத் தூக்கினா, அம்மா காணி உறுதியைத் தூக்கினா. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் காணிகளை விட்டார்கள். 2019 ஐப்பசியில் அங்கே சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். எங்கட துண்டு இன்னும் வேலிக்கு உள்ளதான். அம்மம்மா அதைப் பாராமலே கண்ணை மூடிவிட்டா.

இங்கத்தைச் சனம் விரும்பிக் காணி குடுத்தது. எங்களை ஒருத்தரும் கேட்கேல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்று விளங்குது: யுத்தம் முடிந்தாலும் காணி தானாய்த் திரும்பி வராது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உறுதி வைத்திருப்பவர்கள் அதைப் பிரதி எடுத்து வையுங்கோ. காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாலு எல்லை, பங்குக் கிணறு, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கோ. உறுதி இல்லாதவர்கள் அயலில் இருந்தவர்களைக் கேட்டு எழுதுங்கோ. ஞாபகம் உள்ள பெரியாக்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு போகினம்.

கொட்டகையின் கதையை மகளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்கட காணிக்கு என்ன பெயர்?" என்றாள். உறுதியை எடுத்து வாசித்துக் காட்டினேன். இலுப்பையடி, ஆறு பரப்பு. இப்ப அவளுக்கு அது பாடம்.