விடைத்த காது

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களின் காதுகளைப் பார்த்திருப்பீர்கள். நீண்டு தொங்கும் காது அங்கே அழகு. பள்ளிக்கூடத்திலோ, காது கொஞ்சம் விடைத்திருந்தால் போதும், 'யானைக்காது' என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும்!

விடைத்த காது நோயல்ல. காது நன்றாகவே கேட்கும். பட்டுப்புடவைக் கொசுவத்தில் மடிப்பு பிடிக்காவிட்டால் விரிந்து நிற்கும் அல்லவா? அப்படித்தான், காதுமடலின் குருத்தெலும்பில் ஒரு மடிப்பு சரியாக விழவில்லை.

பச்சைக் குழந்தை உள்ள வீட்டார் கவனியுங்கள். பிறந்த குழந்தையின் காதுக் குருத்தெலும்பு மெத்தென்று இருக்கும். தாயிடமிருந்து வந்த ஹார்மோன் அதற்குக் காரணம். முதல் சில வாரங்களுக்குள் டாக்டரிடம் காட்டினால், கத்தி படாமலே, சின்ன அச்சு பொருத்தி வடிவத்தைத் திருத்த வாய்ப்பு உண்டு. முதல் சில வாரங்கள்தான். பிறகு இறுகிவிடும். வீட்டில் நீங்களே பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். பிஞ்சுத் தோல் புண்ணாகும்.

நாள் கடந்துவிட்டதா? 5, 6 வயதுக்குப் பிறகு அறுவை சிகிச்சை இருக்கிறது. தழும்பு காதுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆனால் பிள்ளை தானே விரும்ப வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. போய் விசாரியுங்கள்.