வாங்கிலில் கதைத்தது



நாங்கள் கிளிநொச்சியில இருந்து வந்திருக்கிறோம். எங்கட குடும்பங்களும் லயத்தில இருந்தவைதான். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனவை.

கிளினிக் நாளில் வாங்கிலில் இருந்து நாங்கள் கதைப்பது வயிற்றைப் பற்றித்தான். அஞ்சாம் மாதம் சத்தி நின்று பசி வரும். கூடவே நாரி உளைவு, நெஞ்செரிவு. தலைச்சன் பிள்ளையென்றால் துடிப்பு 20 கிழமையளவில்தான் தெரியும். பெற்றவர்கள் அதைச் சொன்ன பிறகுதான் எங்களில் சிலருக்கு நித்திரை வந்தது.

ஒருத்திக்கு ஆறாம் மாதக் கடைசியில் தலையிடி, கண் மங்கல், முகவீக்கம். வெயில் என்று நினைத்துப் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. வாங்கிலில் எங்களிடம் சொன்னாள். பக்கத்திலிருந்த அக்கா கையைப் பிடித்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிப்போனா. பிரஷர் நல்லா ஏறியிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

இன்னொன்று, நம்ம தேத்தண்ணி. இரும்புச்சத்துக் குளிசையை அதோடு போடாதீங்க; தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நல்லது. திரிபோஷாவை வீட்டில் எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கிறதும் தெரியும், நாங்களும் செய்தவர்கள்தான்! அது உங்கட பங்கு.

இனி நீங்கள் சொல்லுங்கோ. யாருக்குத் துடிப்புத் தெரியுது?