செக்காடிய செல்வர்

திருச்சிற்றம்பலம்.

பூமீஸ்வரப் பெருமானது திருவிழாவிற் பேசுதற்காக மரக்காணம் வந்த நாம், இன்று மாலை உப்பளங்களின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்தோம். பாத்திகளிலிருந்து வாரிய உப்பைக் குவித்து ஓலையால் மூடியிருந்தார்கள். உடன் வந்த முதியவர் ஒருவர், "வெயில் ஆறு மாதம் கொடுப்பதை மழை ஒரே இரவில் கரைத்துவிடும், ஐயா" என்றார். சோழர் காலந்தொட்டு உப்பு விளையும் ஊர் இது. இவ்வூராருக்குச் செல்வ நிலையாமையை நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆதலின் அதனை விடுத்து, செல்வம் கரைந்தபின் அச்செல்வத்தால் நடந்துவந்த திருத்தொண்டு என்னாகும் என்பதனைச் சிந்திப்போம்.

இதே கடற்கரையில், வடக்கே திருவொற்றியூரில், சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்தவர் கலிய நாயனார். 63 நாயன்மார்களுள் ஒருவர். செக்குத் தொழில் மரபினர். எண்ணெய் வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஈட்டியதைக் கொண்டு திருக்கோயிலின் உள்ளும் புறமும் இரவும் பகலும் அளவிறந்த விளக்குகளை ஏற்றி வந்தார். தம் தொழிலில் விளையும் பொருளையே தொண்டுக்கும் பொருளாக்கிக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரசர்களும் விளக்கு வைத்தார்கள். சோழர் கல்வெட்டுக்களைப் படித்தவர் அறிவர்: நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை விடுவார்கள், இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தாலும் மூத்தாலும் குட்டிகள் நிரப்பும். ஆதலால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர். தருமம் நின்றுவிடாதிருக்க எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! கலியருக்கோ அத்தகைய முதல் ஏதும் இல்லை. அவருடைய வாணிகம் ஒன்றே முதல்.

அம்முதல் அழிந்தது. இறைவன் திருவிளையாட்டு என்பார் சேக்கிழார். கைப்பொருள் இழந்த கலியர், தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கொடுத்து, அதன் கூலியால் விளக்கேற்றினார். சில காலத்தில் அவர்களும் எண்ணெய் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதன்பின் பிறருடைய செக்கில் எள்ளிட்டு ஆட்டும் கூலியாளானார்.

இந்த இடத்தை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. நேற்றுவரை முதலாளியாக இருந்தவர். இன்று அதே ஊரில், தம்மை வணங்கி நின்றவர் கண் முன்னே, பிறர் செக்கைச் சுற்றி வருகிறார். நாம் பல ஊர்த் திருவிழாக்களில் கண்டது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பெரிய உபயம் செய்த அன்பர், தொழில் நொடித்த ஆண்டில் உற்சவத்துக்கே வருவதில்லை. "எந்த முகத்தோடு வருவேன்?" என்கிறார். பிறர் கேலி செய்வார்கள் என்ற அச்சம். சில சமயம் அது வீண் அச்சமும் அன்று. வரிசையில் முதலில் நிறுத்தி மாலையிட்ட நாமே, மறு ஆண்டு அவர் தூணோரம் நின்றால் பாராததுபோலப் போகிறோம். கலியரும் அந்த நாணத்தை அறியாதவர் அல்லர். விளக்கு அணைவதை நினைத்தார், செக்கடிக்குச் சென்றார்.

கூலி வேலைக்கும் ஆட்கள் பெருகினார்கள். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டை விற்றார். பொருள்களை விற்றார். பின்னர் மனைவியையே விற்க முயன்றார் என்கிறது புராணம், கொள்வார் இல்லை. இதைச் சொல்லும்போது அவையிலுள்ள தாய்மாரின் முகம் வாடுவதை நாம் அறிவோம். எமக்கும் இவ்விடம் எளிதன்று. அடியாரின் செயலென்று இதனைப் பின்பற்றத்தக்கதாக எவரும் கொள்ள வேண்டா. அந்த அம்மையாரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. செல்வத்திலும் வறுமையிலும் அவ்வில்லத்தில் உடனிருந்தவர் அவர். கலியரை வணங்கும் கை அவரையும் வணங்கட்டும் என்பதே எம் விண்ணப்பம்.

திருவாரூரில் நமிநந்தி அடிகளுக்கு இறைவன் குளத்து நீரை எரியச் செய்தான். தில்லையில் கணம்புல்லர் புல்லை அரிந்து விற்று விளக்கேற்றினார். புல் விலைபோகாதபோது அதனையே எரித்தார், இறுதியில் தம் தலைமுடியை எரித்தார். கலியருக்கோ நீரும் எரியவில்லை, புல்லும் இல்லை. அன்று மாலை படம்பக்கநாதர் திருக்கோயிலில் அகல்களை வழக்கம்போல் வரிசையாக வைத்தார்; திரியிட்டார். எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே நிறைக்கத் துணிந்து, கழுத்தை அரியத் தொடங்கினார்.

அவ்வளவில் இறைவன் கை முன்வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. ஊறு நீங்கியது. விடைமேல் தோன்றிய பெருமானைக் கலியர் உச்சிமேற் கைகுவித்துத் தொழுது நின்றார்.

திருச்சிற்றம்பலம்.