விலங்கின்றிக் கலம் வளர்த்தல்

1881ஆம் ஆண்டளவில், ஜேர்மனியிலே ரொபேட் கொக் என்னும் பேரறிஞருடன் ஆய்வு நடத்திய வால்ற்றர் ஹெஸ்ஸே என்பாருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. நுண்ணங்கிகளை வளர்ப்பதற்கு அவர் பயன்படுத்திய ஜெலற்றின், விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து காய்ச்சியெடுக்கப்படுவது. வெப்பம் மிகுந்தால் அது உருகிற்று; சில நுண்ணங்கிகளோ அதனைச் செரித்து நீராக்கின. அவருடைய துணைவியார் ஃபானி ஹெஸ்ஸே, தம் அடுக்களையில் இனிப்புப் பண்டங்களை உறையச் செய்த கடற்பாசிச் சத்தைப் பரிந்துரைத்தார். நோன்பு காலத்திற் கடற்பாசி காய்ச்சும் இல்லங்களிலுள்ள நேயர்களுக்கு நன்கு தெரிந்த அதே பொருள்தான். நுண்ணங்கி ஆய்கூடங்கள் இன்றுவரை அதனைக் கைவிடவில்லை.

இக்காலத்தில் அத்தகைய தொல்லையொன்று மனிதக் கலங்களை வளர்ப்போரை வாட்டுகின்றது. தட்டின்மேற் பரவி வளரும் ஈரற் கலம், உடலினுள்ளே நாற்புறமும் அயற்கலங்கள் சூழ வாழும் ஈரற் கலத்தைப் போல நடந்துகொள்வதில்லை. ஆகவே கலங்களை ஜெலியினுள் புதைத்து, முப்பரிமாணத்தில் வளர்க்கின்றனர். 2009ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளேவர்ஸ் குழுவினர், பிற கலங்களை ஈனவல்ல ஒற்றை மூலக்கலத்திலிருந்து சுண்டெலிக் குடலின் சிற்றுருவையே இவ்வாறு வளர்த்துக் காட்டினர்.

அந்த ஜெலி எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும், சுண்டெலியின் உடலில் வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட புற்றுக்கட்டியிலிருந்து! குளிரில் நீர்மமாயிருந்து உடற்சூட்டில் உறையும் அதன் இயல்பு வசதியானதே. ஆயினும் அதில் 1,800க்கு மேற்பட்ட புரதங்கள் காணப்பட்டுள்ளன. ஒருமுறை எடுத்தது மறுமுறை எடுத்ததை ஒப்பதில்லை. சோதனையின் முடிவு மாறினால், மாற்றியது மருந்தா, ஜெலியா? எலிகள் மடிவது ஒருபுறமிருக்க, அம்மருந்தை நம்பி உண்ணப்போகும் நோயாளிக்கும் இது சிறு கேள்வியன்று.

மீண்டும் கடலே கைகொடுக்கின்றது. கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று, கல்சியம் சேர்ந்தவுடன் உறைந்துவிடும். ஆனால் விலங்குக் கலங்கள் பற்றிக்கொள்ள அதிற் பிடி இல்லை. அதனால் மூன்று அமினோ அமிலங்களின் தொடர் அமைந்த சிறு துண்டொன்றை அதிற் பிணைக்கின்றனர். கலங்கள் அதனைப் பற்றுகின்றன. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே மத்தியாஸ் லுற்றோல்ஃப் குழுவினர், பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் செயற்கைப் பொருளால் ஜெலி அமைத்து, 2016இல் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். குடலின் மூலக்கலங்கள் பெருகுவதற்கு விறைப்பான ஜெலி ஏற்றது. அவை பல்வகைக் கலங்களாகி உருக்கொள்வதற்கோ மென்மையும், லமினின் என்னும் புரதமும் வேண்டும்.

அந்த லமினினும் அதே எலிக்கட்டியிலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. இப்பொழுது மனிதப் பரம்பரையலகைப் புகுத்திய வளர்ப்புக் கலங்களிலேயே அதனை ஆக்குகின்றனர், விலைதான் அதிகம். இன்னொன்றும் உண்டு: ஜெலியை மாற்றியவர்களுட் சிலர், கலங்களுக்கு ஊட்டும் திரவத்தில் இன்னும் பசுவின் கருக்கன்றினது குருதித் தெளிநீரையே கலக்கின்றனர்.