அச்சகத்திற்குச் செல்லுமுன்

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் நடந்து சென்றால் ஏலக்காய் மணம் நம்மைத் தொடர்ந்து வரும். இடுக்கி மலைத் தோட்டங்களில் பறித்து உலர்த்திய காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் இங்கும் புற்றடியிலும் விலை போகிறது. காயின் பருமனை மில்லிமீட்டர்க் கணக்கில் சலித்து, நிறம் பார்த்து, தரம் பிரித்து வாங்குகிற வாணிகர்கள் இவ்வூரில் நிரம்ப உண்டு. 7 மில்லிமீட்டர்க் காய்க்கும் 8 மில்லிமீட்டர்க் காய்க்கும் உள்ள வேறுபாட்டை விரல் நுனியால் சொல்லிவிடுவார்கள். அத்தகைய கூர்மையுடையோரே அச்சகத்தின் படியேறியதும், "ஏலக்காய்க்கு ஓர் அட்டைப்பெட்டி வேண்டும், பார்த்து நல்லதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகின்றனர். தேனி, சின்னமனூர், கம்பம் வட்டாரத்து வாணிகர்களுக்கும் அச்சகங்களுக்கும் இடையே பல ஆண்டுகள் போய்வந்தவன் என்ற முறையில், இது எனக்கு இன்றளவும் தீராத வியப்பு.

எனக்குத் தெரிந்த வாணிகர் ஒருவர் தீபாவளிக்கு 10,000 பெட்டிகள் வேண்டி மூன்று அச்சகங்களில் விலை கேட்டார். மூன்றும் வெவ்வேறு விலை கூறின. குறைந்த விலை சொன்ன இடத்தில் வேலையைக் கொடுத்தார். வந்த பெட்டிகளில் காயை நிரப்பி அடுக்கியபோது கீழடுக்குப் பெட்டிகள் வயிறு தள்ளி நின்றன. சண்டைக்குப் போனவரிடம் அச்சகத்தார் கேட்ட கேள்வி ஒன்றே: "அட்டையின் கனம் இன்னதென்று நீங்கள் சொன்னீர்களா?" சொல்லவில்லை. மற்ற இருவர் 300 கிராம் அட்டையை மனத்திற் கொண்டு விலை கூறினர். இவர் அதனினும் மெலிந்ததைக் கொண்டு கூறினார். ஆகவே அவர் ஒப்பிட்டது மூன்று விலைகளை அன்று. மூன்று வெவ்வேறு பெட்டிகளை. பண்டிகைக்கு மூன்று வாரமே இருந்தது. அவ்வாண்டின் சில்லறை வியாபாரம் அத்தோடு போயிற்று.

எனவே விலை கேட்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறேன். பெட்டி மூடியநிலையில் எவ்வளவு நீளம், அகலம், உயரம், எத்தனை பெட்டி, அட்டை எவ்வகை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், வெளிப்புறம் எத்தனை நிறம், உட்புறம் அச்சுண்டா, மேலே பளபளப்புப் பூச்சா, மங்கற் பூச்சா, என்று, எங்கே வந்து சேர வேண்டும். அந்த ஒரே தாளின் படிகளை எல்லா அச்சகத்திற்கும் கொடுத்துவிட்டால், பிறகு வரும் விலைகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பணம் சத்தமின்றி ஒழுகுமிடம் அதுதான். பில் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். டபுள் டெம்மி என்னும் தாள் 23 அங்குலத்திற்கு 36 அங்குலம். அதில் 9 அங்குலத்திற்கு 11½ அங்குலமாக எட்டு இதழ்கள் மிச்சமின்றி விழும். ஓரம் வெட்டியபின் சற்றுக் குறையும், அவ்வளவே. "கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று 9½ அங்குலத்திற்கு 12 அங்குலம் கேட்டீர்களானால், அதே தாளில் ஆறு இதழ்கள்தாம் விழும். அரை அங்குல ஆசைக்கு, தாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெட்டுக்கழிவாகப் போகிறது. அந்தக் கழிவிற்கும் விலை கொடுப்பவர் நாமே.

பில் புத்தகத்திற்குச் சட்டமும் சில சொல்கிறது. சரக்கு விற்பவர் பில்லை மூன்று படிகளாகப் போட வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, சரக்கைக் கொண்டு செல்பவருக்கு ஒன்று, தமக்கு ஒன்று. தொடர் எண் 16 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் வாங்குபவர் தம் வரிக்கழிவைப் பெற அலைய நேரும். அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போவார்.

இனி நிறம். ஏலக்காய்க்குப் பச்சைதானே உயிர்! கணிப்பொறித் திரையில் காணும் பச்சை ஒளியால் ஆனது. தாளில் வருவது மையால் ஆனது. நான்கு நிற அச்சில் பச்சை என்று தனி மை இல்லை. நீலப் புள்ளிகளும் மஞ்சட் புள்ளிகளும் சேர்ந்து பச்சையாகத் தோன்றும். நீலம் சிறிது ஏறினாலும் இளங்காயின் பச்சை முற்றிய இலையின் பச்சையாகிவிடும். ஆண்டுதோறும் ஒரே பச்சை வேண்டுவோர், அந்நிறத்தைத் தனி மையாகக் கலந்து ஐந்தாவது நிறமாக அச்சிடச் சொல்வது நலம். செலவு கூடும். ஆயினும் கடை அலமாரியில் பழைய பெட்டியும் புதுப்பெட்டியும் அருகருகே நிற்கும்போது, ஒன்று போலியோ என்று வாங்குபவர் ஐயுறுவதைக் காட்டிலும் அச்செலவு மேல் என்பது என் கருத்து.

பெட்டியின்மேல் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அச்சகத்தார் அறிவார் என்று விட்டுவிடக் கூடாது. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி பொருளின் பெயர், பொட்டலமிட்டவர் முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட விலை, குறை சொல்லத் தொடர்பு ஆகியவை வேண்டும். 2021-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டபின் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் சேர்ந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், பச்சைச் சதுரத்துள் பச்சைப் புள்ளியும் மறக்கலாகாதவை. அச்சிட்ட பக்கம் உணவைத் தொடலாகாது என்பது 2018-ஆம் ஆண்டு விதி. ஆதலால் பெட்டிக்குள் தனி உறை வேண்டும்.

மாதத்தையும் விலையையும் அச்சிலேயே போட்டுவிடாதீர்கள். அவற்றிற்கு வெற்றிடம் விட்டு, அவ்விடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பூச்சின்மேல் குத்திய முத்திரை காயாமல் விரலோடு வந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு இது இன்னும் பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பழம் இங்கே ஏறக்குறைய ஆண்டு முழுதும் அறுவடையாகிறது. நாள்தோறும் மாறுகிற தேதியை யார் அச்சிட்டு வைப்பது?

எத்தனை அச்சிடுவது என்பதிலும் கணக்குண்டு. தகடு முதலிய ஆயத்தச் செலவு 6,000 ரூபாய், பெட்டி ஒன்றுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 பெட்டிக்கு ஒன்று 9 ரூபாய். 10,000 பெட்டிக்கு ஒன்று 3 ரூபாய் 60 காசு. இதைக் கண்டு மயங்கி ஐந்தாண்டுக்குப் போதுமானதை அடித்து வைப்போர் உண்டு. 1996-இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, "மதுரை மாவட்டம்" என்று அச்சிட்ட கடிதத் தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் பேனாவால் அடித்தெழுத வேண்டியவர்கள் ஆயினர். ஓராண்டுத் தேவைக்கு மேல் அச்சிடுவதை நான் ஒப்புவதில்லை.

காலமும் பார்க்க வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களில் தொடங்கி வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில், ஆடிப்பெருக்கன்று நாட்காட்டி மாதிரிகளை வெளியிட்டபின் மார்கழி வரை மூச்சுவிட நேரமின்றி ஓடும். தீபாவளிப் பெட்டியை ஆடிக்கு முன்பே கொடுத்துவிடுவோருக்குப் பொறி கிடைக்கும். ஆவணியில் செல்வோருக்கு வரிசை கிடைக்கும்.

மெய்ப்பை முதலாளி ஒருவரே பார்ப்பது போதாது. தம் கடைப்பெயரைக் கண் தானே திருத்திப் படித்துக்கொள்ளும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கட்டும். எண்களைப் பின்னிருந்து முன்னாகவும் ஒருமுறை படிக்கட்டும். தமிழ் எழுத்துரு ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. ஆதலால் திரையில் கண்டது போதாது, தாளில் எடுத்த படியிலேயே கையெழுத்திட வேண்டும்.

சரக்கு வந்ததும் நடுக்கட்டிலிருந்தும் சில பெட்டிகளை உருவிப் பாருங்கள். மேற்கட்டு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் எந்த விழுக்காடு வரை ஏற்பது, வடிவமைப்புக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்னும் இரண்டையும் முன்பணம் கொடுக்கும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு அச்சகத்திற்குப் போக நேர்ந்தால், அந்தக் கோப்பைக் கேட்டு நிற்கும் நிலை வராது.