பத்தாம் வகுப்பிற்குப் பின்
(நமது சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் பாட்டனார் காலத்தில் இன்ன தொழில் செய்வதென்று எந்தப் பிள்ளையும் யோசித்ததில்லை. தந்தை செய்ததையே தனயனும் செய்தான். அதனைக் குலமுறை என்றனர். கல்வி வந்து அக்கட்டினை அவிழ்த்தது. அவிழ்ந்ததை நாமே வேறொரு கயிற்றால் மீண்டும் கட்டிவிடலாகாது என்று விண்ணப்பம் செய்துகொள்ளவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். அக்கயிறு யாதெனின், 'என் பிள்ளை டாக்டர். இல்லையேல் என்ஜினீயர்' என்னும் பிடிவாதமே ஆகும்.

இதனைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என வினவுவீர்கள். அப்பிழையை நானே செய்தேன் என்பதே தகுதி. என் மூத்த குமாரன் பதினோரு வயதிலேயே தன் மாமனின் மளிகைக் கடைக் கணக்கைப் பிழையறப் பார்த்தவன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். கணக்குப் பதிவியல் பிரிவில் சேர விரும்பினான். 'இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு அதிலா சேருவது?' என்று அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு, அவனை விஞ்ஞானப் பிரிவில் சேர்த்தேன். பின் கடன் வாங்கி என்ஜினீயரிங் கல்லூரிக்கும் அனுப்பினேன். இரண்டாண்டு கழித்துப் பல பாடங்களில் தவறி வீடு திரும்பினான். என்னோடு பேசுவதை விட்டான். ஒருநாள் தன் தாயிடம், 'அப்பா ஊரையெல்லாம் கேட்டார். என்னை மட்டும் கேட்கவில்லை' என்றானாம். அச்சொல் என்னை இன்றும் சுடுகின்றது. பின்னர் அவன் பி.காம். படித்துத் தணிக்கையாளர் ஒருவரிடம் நல்ல நிலையில் இருக்கின்றான். எனினும் கழிந்த ஆண்டுகளும் கட்டிய வட்டியும் திரும்பி வருவனவல்ல.

ஆதலால், வழிகளை முதலில் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். நம் மாகாணத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியது முதல், பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தெரிந்தெடுக்கும் முறை இருந்து வருகின்றது. பதினைந்து வயதில் செய்யும் இத்தெரிவு பல வாயில்களைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும். உயிரியல் படியாதவர்க்கு மருத்துவக் கல்வி அரிது. கணிதத்தை விட்டவர்க்கு என்ஜினீயரிங் அரிது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வும் எழுதியாக வேண்டியதாயிற்று. என்ஜினீயரிங்கிற்கோ, 2007 முதல் மாகாண நுழைவுத் தேர்வு நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவாயிற்று. வணிகவியலும் கலைப்பாடங்களும் தாழ்ந்தவை என்பது வீண் எண்ணம். அவற்றைப் படித்தோர்க்கு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு உண்டு. பட்டயக் கணக்காளர் தேர்வு உண்டு. பட்டம் பெற்றபின் அரசாங்க உத்தியோகத் தேர்வுகளும் உண்டு.

கைத்திறன் மிக்க பிள்ளைகள் பலர் உளர். கெட்டுப்போன விசிறியைப் பிரித்துப் பார்த்து அவர்களே சீராக்குவர். புத்தகத்தை விரித்தால் உறங்குவர். அவர்களைச் சோம்பர் என்று வையாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் மூன்றாண்டு பாலிடெக்னிக் படிப்பில் சேரலாம். அதில் தேறினால், என்ஜினீயரிங் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே இடம் பெறவும் வழியுண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் தொழிலுக்கேற்ப ஓராண்டிலோ ஈராண்டிலோ ஒரு தொழிலைக் கற்று வெளிவரலாம். சென்னையில் அச்சு, தோல், நெசவு ஆகிய தொழில்களுக்கெனத் தனித்தனிக் கல்வி நிலையங்கள் உள்ளன. பட்டம் பெற்றும் வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பதினும், ஒரு தொழிலைச் செவ்வனே அறிந்து நாலு பேர்க்கு உதவி வாழ்தல் மேலன்றோ?

இன்னும் ஒன்று. அரசாங்கப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பிற்குப் பின் கௌரவம் கருதித் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் நம்மில் பலர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியிலேயே படித்தவர்க்கு 2020இல் மருத்துவக் கல்வியிலும், 2021இல் என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலியவற்றிலும் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இடையில் பள்ளி மாற்றினால் அவ்வுரிமை போய்விடும். மாற்றுமுன் இதனை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்களே! 'கல்லூரி வெளியூரில் உள்ளது' என்று சொல்லிப் பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். மகனுக்காகக் கடன் வாங்கத் துணியும் நாம், மகளுக்கு விடுதிச் செலவு என்றவுடன் பின்வாங்குவது நியாயமா?

பரீட்சையில் தவறிய பிள்ளையிடம் அன்று இரவு ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாதீர்கள். அதே ஆண்டில் துணைத்தேர்வு நடக்கின்றது. அதில் தேறினால் ஓராண்டும் வீணாவதில்லை. மதிப்பெண் போனால் மீட்கலாம். மனமொடிந்த பிள்ளையை மீட்டல் எளிதன்று.

வீடு சென்று நீங்கள் செய்ய வேண்டுவன மூன்று. பிள்ளையைத் தனியே அமர்த்தி, 'உனக்கு எதில் விருப்பம்? ஏன்?' என்று கேட்டுப் பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டும். அவனுக்குப் பல ஆண்டு பாடம் சொன்ன ஆசிரியரின் அபிப்பிராயத்தை அறிய வேண்டும். அவன் விரும்பும் தொழிலில் உள்ள ஒருவரிடம் ஒருநாள் அழைத்துச் சென்று, அவ்வேலையைக் கண்ணாரக் காணச் செய்ய வேண்டும். செலவும் வருவாயும் பிள்ளைக்கு மறைக்கத்தக்கவை அல்ல. குடும்ப நிலையை உள்ளபடி சொன்னால் அவனும் பொறுப்புடன் எண்ணுவான்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நமது கல்வி நிதி இதுகாறும் பட்டப்படிப்பு மாணவர்க்கே வழங்கப்பட்டு வருகின்றது. பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் சேரும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும். ஏழைப் பிள்ளைகள் பெரும்பாலும் செல்வது அவ்விடங்களுக்கே அன்றோ? இக்கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அக்கிராசனர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். பத்து வீடுகளிலேனும் இன்றிரவு தந்தை தன் பிள்ளையின் கருத்தைக் கேட்பாராயின், யான் பேசியதன் பயனைப் பெற்றவனாவேன்.