கணினி ஏன் திணறுகிறது?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பற்றி அல்ல. நம் வீட்டு மேசையில் இருக்கும் கணினியைப் பற்றி. வினாத்தாள், பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், பயிற்சித்தாள் எனப் பல ஆண்டு உழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. அது திணறத் தொடங்கியதும் நம் காதில் விழுபவை இரண்டே யோசனைகள்: "ஃபார்மேட் செய்துவிடலாம்", "புதிது வாங்கிவிடுங்கள்". முதலாவதில் உழைப்பு போகலாம். இரண்டாவதில் பணம் போகும். சில நேரங்களில் இவை சரியான தீர்வுகளே. ஆனால் என்ன கோளாறு என்று பார்க்காமல் சொன்னால் அது வெறும் ஊகம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதத் தாமதிக்கும் குழந்தையை நாம் உடனே மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்ப்பதில்லை. பார்வை சரியாக இருக்கிறதா, காலையில் சாப்பிட்டதா, எழுத்துகள் தெரியுமா என்று விசாரிக்கிறோம். தாமதம் ஓர் அறிகுறி; காரணம் வேறெங்கோ இருக்கும். கணினியையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

முதல் வேலை, நகல் எடுப்பது. முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ பதிந்து வையுங்கள். வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழுதான வட்டை மேலும் ஓட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடக்கூடும்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எப்போது திணறியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறியுங்கள். பிழைச் செய்தி வந்தால் மூடுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாடு சதவீதத்தில் தெரியும். திணறும் நேரத்தில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

நினைவகம் நிரம்பியிருந்தால், உலாவியில் திறந்து கிடக்கும் தாவல்களை மூடிப் பாருங்கள். வேகம் திரும்பினால் குறை ரேமில்தான். 4 ஜிபி மட்டுமே இருந்தால், கூட்டுவது பலன் தரும்.

வட்டு 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் அது பழைய சுழல் வட்டாக இருக்கும். ஒரு சிறு கணக்கு: நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு, வினாடிக்கு 90 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. விண்டோஸ் தொடங்கும்போது எண்ணற்ற சிறு கோப்புகளைப் படிப்பதால், இந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்து நிமிடக் கணக்கில் நீள்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை.

நண்பரான கணித ஆசிரியர் ஒருவரின் மேசைக் கணினியைச் சொல்கிறேன். காலையில் இயக்கினால் வேலைக்குத் தயாராக ஆறு நிமிடம் ஆகும். பாடக் காணொலி தயாரிக்கும்போது திடீரென்று அணைந்தும்விடும். "மதர்போர்டு போய்விட்டது" என்றார் பழுதுபார்ப்பவர். நண்பர் நான்கு நாள் நோட்டில் குறித்தார். அணைந்ததெல்லாம் காணொலி வேலை தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்துத்தான். வினாத்தாள் தட்டச்சு செய்தபோது ஒருமுறைகூட இல்லை. காணொலி வேலையில் செயலி மிகவும் சூடாகும். எனவே மின் இணைப்பை நீக்கி, பக்கத் தகட்டைத் திறந்தோம். செயலியின் விசிறிக்கு அடியில் தூசி கம்பளம்போலப் படிந்திருந்தது. அதை நீக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றியதும் அணைவது நின்றது. காலைத் தாமதம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து எஸ்எஸ்டி பொருத்தினார், அதுவும் தீர்ந்தது. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால், எது எதைத் தீர்த்தது என்று தெரிந்திருக்காது. அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்கிறோமே, அதே விதிதான்.

பிழைச் செய்திகளையும் இப்படியே பாருங்கள். பழைய கணினியில் இணையதளங்கள் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று மறுத்தால், வைரஸ் என்று பயப்படுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றதும் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் கால வரம்பு உண்டு. கணினியின் தேதி அதற்குள் இல்லாவிட்டால் உலாவி அனுமதிக்காது. மலிவான ஒரு மின்கலம் போதும். நீலத்திரை அடிக்கடி வந்தால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஓட்டி ரேமைச் சரிபாருங்கள்.

சில எச்சரிக்கைகள். 'ஒரே சொடுக்கில் வேகம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். இரண்டு வைரஸ் தடுப்பான்களை ஒன்றாக ஓட்டாதீர்கள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பை நீக்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே, பழைய கணினிக்குச் செலவு செய்யும் முன் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காது என்றால், புதிது வாங்குவதையும் கணக்கில் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் நாமே சரிசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். "எந்தப் பாகம் பழுது? எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பழுதுபார்ப்பாளர் இந்தக் கேள்விகளை விரும்பியே பதில் சொல்வார். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், முதலில் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.